ஏழு குப்பி ரத்தம்

கோட்டிங் ஷெட்டின் மூலையில் தொங்கிய ஒலிபெருக்கி காலை பத்தே முக்காலுக்குத் திடீரென்று அலறியது. வேலை நேரத்தில் அது வாயைத் திறந்தால் ஒன்று தீயணைப்பு ஒத்திகை, இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது சாவு. ஸ்ப்ரே கன் பிடித்திருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. "டோக்கன் நம்பர் பதினொண்ணு, பதினாலு, பதினேழு..." என்று ஆரம்பித்த பெண் குரல், மளிகைச் சாமான் பட்டியலை வாசிக்கிற மாதிரி ஏழு எண்களை வாசித்து, "உடனே முதலுதவி அறைக்கு வரவும்" என்று முடித்துக்கொண்டது.

பதினொன்று ஃபோர்மேனின் எண். முதல் எண்ணைக் கேட்டபோது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான்காவது எண் வந்ததும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். ஏழாவது எண்ணும் அச்சுப் பிசகாமல் வந்து சேர்ந்தபோது கையுறைகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஷெட்டில் தொண்ணூறு பேர் வேலை செய்கிறார்கள். தொண்ணூறு பேரில் அந்த ஏழு பேரை மட்டும் குறி பார்த்துக் கூப்பிடுவது தற்செயலாக நடக்கிற காரியம் இல்லை.

"அண்ணே, மாட்டிக்கிட்டோமா?" என்றான் பக்கத்தில் நின்ற ரேடியோ. அவன் எண் பதினாலு. வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் மெதுவாகப் பேசியதை ஃபோர்மேன் அன்றுதான் கேட்டார்.

"வாயை மூடிக்கிட்டு நட."

ஏழு பேரும் மாஸ்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வரிசையாக வெளியே போனார்கள். அவர்கள் தலைக்கு மேலே, சங்கிலியில் தொங்கிய அலுமினிய வாணலிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓவனுக்குள் போய்க்கொண்டிருந்தன. ஒட்டாத வாணலி. தோசைக்கரண்டி பட்டாலும் கீறாத, எண்ணெய் இல்லாமலே முட்டை வழுக்கி ஓடுகிற வாணலி. அதன்மேல் அடிக்கிற கரைசல் பார்க்கப் பால் மாதிரி இருக்கும். ஓவனுக்குள் போய் நானூறு டிகிரியில் வெந்து வரும்போது ஒரு தித்திப்பான நெடி கிளம்பும். இருபத்திரண்டு வருஷமாக அந்த நெடி ஃபோர்மேனின் சட்டையில் இருக்கிறது, சாப்பாட்டு டப்பாவில் இருக்கிறது, தலையணை உறையில் இருக்கிறது. அவர் மூக்குக்கு மட்டும் அது தெரிவதில்லை.

விஷயம் இதுதான். வருஷத்துக்கு ஒருமுறை கோட்டிங் ஷெட்டில் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. கல்லீரல் எப்படி, தைராய்டு எப்படி என்று பார்ப்பார்கள். முன்பெல்லாம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், ஓவன் வாசலில் நிற்கிறவர் ஒருவருக்குக் கல்லீரல் கணக்கு மும்மடங்கு எகிறியது. கம்பெனி பரிவோடு அவரைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றியது. மூன்று மாதம் அட்டைப்பெட்டி ஒட்டினார். நான்காம் மாதம் 'உடல் தகுதியில்லை' என்று ஒரு தாளைக் கையில் கொடுத்துக் குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர் கட்டில், பீரோ, ஒரு மீன் தொட்டி ஆகியவை டெம்போவில் ஏறிப் போனதைக் காலனியே நின்று பார்த்தது. அன்றிலிருந்து ஷெட்டில் இருந்தவர்கள் கரைசலுக்குப் பயப்படுவதை விட்டுவிட்டு ஊசிக்குப் பயப்பட ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருஷம் வழி பிறந்தது. ரத்தம் எடுக்க வந்த லேப் ஆள், ஃபோர்மேனின் மனைவிக்குச் சொந்தத் தம்பி. ஷெட்டுக்குள் காலே வைக்காத, பீடி சிகரெட் இல்லாத, ஒரு மாத்திரைகூடப் போடாத ஓர் ஆள் வேண்டும் என்றான் அவன். அப்படி ஓர் ஆள் கம்பெனியிலேயே இருந்தான். ஆபீஸ் முன்னால் புல்வெளியும் செடிகளும் பார்த்துக்கொள்கிற தோட்டக்காரன். அவனுக்கு ரேடியோ வைத்த பெயர் பசும்பால்.

பங்கு நாள் என்று அதற்குப் பெயர். காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் திறப்பதற்கு முன்னால், முதலுதவி அறையின் பச்சைத் திரைக்குப் பின்னால் பசும்பால் வந்து உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டுவான். மைத்துனன் பெரிய ஊசியாகப் போட்டு ஒரே இழுப்பில் இழுத்து, ஏழு குப்பிகளில் பங்கு வைப்பான். அப்புறம் ஒன்பது மணிக்கு மேல் ஏழு பேரும் ஒவ்வொருவராக உள்ளே போய், குத்தாத கையில் பஞ்சை அழுத்திப் பிடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வருவார்கள். ரேடியோ ஒரு படி மேலே போய், தலை சுற்றுகிற மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நர்ஸம்மா அவனுக்குக் குளுக்கோஸ்கூடக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஆறு வருஷம் ஒரு சிக்கலும் இல்லை. ஏழு ரிப்போர்ட்டும் ஒரே மாதிரி இருந்தும் யாரும் கவனிக்கவில்லை. நன்றாக இருக்கிற ரிப்போர்ட்டை யார் படிக்கிறார்கள்?

முதலுதவி அறையில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வருகிறவர். பக்கத்தில் மேனேஜர், கையைக் கட்டிக்கொண்டு சன்னல் ஓரமாக நின்றிருந்தார். மேஜைமேல் ஏழு தாள்கள், சீட்டுக்கட்டு விரித்த மாதிரி.

டாக்டர் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி ஏழு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எஸ்.ஜி.பி.டி.ங்கிற கல்லீரல் கணக்கு நாப்பதுக்குள்ள இருக்கணும். உனக்கு நூத்திப் பதினெட்டு. உனக்கும் நூத்திப் பதினெட்டு. உனக்கு நூத்திப் பதினேழு. அப்புறம் நாலு பேருக்கு நூத்திப் பதினெட்டு. தைராய்டும் அப்படியே, அஞ்சுக்குள்ள இருக்கவேண்டியது எல்லாருக்கும் பத்தொன்பது." தாள்களைச் சேர்த்துத் தட்டி அடுக்கினார். "ஏன்யா, உங்க ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கல்லீரல்தானா?"

ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்து, ஃபோர்மேன் காலை மிதித்ததும் விழுங்கிவிட்டான்.

"இது யாரோட ரத்தமோ எனக்குத் தெரியாது" என்று டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "யாரோ ஒருத்தனுக்குக் கல்லீரல் வெந்துட்டிருக்கு. கழுத்துல இருக்கிற சுரப்பி படுத்துடுச்சு. அந்த ஆளுக்கு இன்னிக்கே மருந்து ஆரம்பிச்சாகணும். அதை மட்டும் சொல்லிட்டேன்."

"டாக்டர், நீங்க டீ சாப்பிட்டுட்டு வாங்களேன்" என்றார் மேனேஜர்.

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த தன் பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு எழுந்து போனார். ஆறு பேரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மேனேஜர் கதவைச் சாத்தினார். அறையில் டெட்டால் வாசனையும் ஃபோர்மேனின் மூச்சுச் சத்தமும் மட்டும் இருந்தன.

"ஆறு வருஷமா உங்க ரிப்போர்ட் எல்லாம் அழகா வந்துட்டிருந்தது. நான் ஏதாவது கேட்டேனா?"

"இல்லை சார்."

"இப்பவும் கேக்கலை. லேப் மெஷின் கோளாறு. திங்கக்கிழமை மறுபடி எடுக்கிறோம்." மேனேஜர் சுவரில் இருந்த முதலுதவிப் படத்தைப் பார்த்தபடியே பேசினார். "ஆனா இந்தத் தடவை பார்த்துச் செய்யுங்க. காலனிக்குள்ள இருக்கிற ஆளே வேண்டாம். டவுன்ல இருந்து யாரையாவது பிடிங்க. புரியுதா?"

"புரியுது சார்."

"திங்கக்கிழமை சரியா வரலைன்னா, ஏழு பேரையும் அன்ஃபிட்னு எழுதறதைத் தவிர எனக்கு வேற வழி கிடையாது. ரிடையர்மென்ட்டுக்கு உனக்கு இன்னும் எத்தனை வருஷம்?"

"எட்டு சார்."

"ம்."

"ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார் ஃபோர்மேன். எதற்கு நன்றி என்று படி இறங்கும்போதுதான் யோசித்தார்.

ஷெட்டுக்குப் பின்னால், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மோட்டார் ரூம். போன வருஷத்திலிருந்து பசும்பாலுக்கு வீடும் அதுதான். ஒரு பக்கம் மோட்டார் உறுமிக்கொண்டிருக்கும், மறுபக்கம் கயிற்றுக் கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் கண்ணாடித் துண்டு. அந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறாய் என்று கேட்டால், நின்றால்தான் முழிப்பு வந்துவிடுகிறது என்பான். மற்ற ஐந்து பேரை ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு ஃபோர்மேனும் ரேடியோவும் போனபோது, அவன் வெயிலில் முக்காலி போட்டு உட்கார்ந்து ரோஜாத் தொட்டிக்கு மண் கிளறிக்கொண்டிருந்தான். உச்சி வெயில். அவன் ஸ்வெட்டர் போட்டிருந்தான்.

"யோவ் பசும்பால், என்னய்யா இது, தயிரா திரிஞ்சு போயிட்டே!" ரேடியோவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "உண்மையைச் சொல்லு. ராத்திரில தனியா ஊத்திக்கிறியா?"

"என்னண்ணே சொல்றான்?" பசும்பால் ஃபோர்மேனைப் பார்த்தான். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, ஈரத்துணி பிழிகிற மாதிரி வந்தன.

"ரத்தம் சரியில்லைன்னு வந்திருக்கு. ஏழு பேருக்கும் ஒரே மாதிரி. நீ குடிக்கிறியா?"

"ஐயோ! அண்ணே, நான் சோடாகூடக் குடிக்கமாட்டேன்."

"ஏதாவது நாட்டு மருந்து, லேகியம்?"

"இல்லண்ணே."

"ஷெட்டுக்குள்ள போனியா? ட்ரம் உருட்டக் கூப்பிட்டாங்களா?"

"அந்தப் பக்கமே திரும்பறதில்லை. நீங்கதானே போகக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினீங்க? உள்ளே போனா ரத்தம் கெட்டுடும்னு சொன்னீங்களே. ஒரு தடவை கேன்டீனுக்குக் குறுக்கு வழியா வரச் சொன்னாங்க. நான் மழையில சுத்திக்கிட்டுத்தான் போனேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குப் பொய் சொல்ல வராது, அதுவும் ரத்த விஷயத்தில். ஏழு குடும்பத்துக்கு உலை கொதிப்பது தன் கையிலிருந்து என்று அவனுக்கு ஒரு கர்வம். யாராவது அவனைப் புல்வெட்டி என்று கேலி செய்தால், "நான் யாருன்னு ஃபோர்மேன் அண்ணனைக் கேளு" என்பான்.

"எனக்குக் கொஞ்ச நாளாவே உடம்பு ஒரு மாதிரிதாண்ணே" என்றான் பசும்பால், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் மாதிரி. "எந்திரிக்கவே முடியலை. குளிருது. கால் வீங்குது. தலைமுடி கொத்துக் கொத்தா வருது. வயசாகுதுன்னு நினைச்சேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா இந்த வருஷம் என்னை வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு..." அவன் மண் ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டான். "மன்னிச்சிருங்கண்ணே. ஏழு பேர் பேரையும் கெடுத்துட்டேன்."

ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஃபோர்மேன் அவன் முகத்தையே பார்த்தார். இமைகள் உப்பி, கண் சிறுத்து, கன்னம் மெழுகு பூசின மாதிரி. இந்த முகத்தை எங்கேயோ தினமும் பார்க்கிறோமே என்று ஒரு நினைப்பு வந்து, அதைப் பிடிப்பதற்குள் போய்விட்டது. பசும்பால் முக்காலியிலிருந்து எழுந்தான். எழுவதற்கே ஒரு யுகம் ஆனது. பேசிப் பேசி நா வறண்டுவிட்டது போலிருக்கிறது. தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்த ரப்பர் குழாயை எடுத்து, முனையில் கட்டைவிரலை வைத்துப் பீய்ச்சி, வாயைத் திறந்து மடக் மடக்கென்று குடித்தான். தண்ணீர் தாடையில் வழிந்தது. அதில் லேசாக நுரை இருந்தது.

மோட்டார் ரூமுக்கு இருபது அடி தள்ளி ஒரு பெரிய குழி. ஷெட்டைக் கழுவிவிடுகிற தண்ணீர் சிமென்ட் வாய்க்கால் வழியாக வந்து அதில்தான் விழும். அடியில் ஒன்றும் பூசவில்லை, வெறும் மண். விழுந்த தண்ணீர் இரண்டு நாளில் காணாமல் போய்விடும். எங்கே போகிறது என்று இருபத்திரண்டு வருஷமாக ஃபோர்மேன் கேட்டதில்லை. வேலையில் ஒரு சௌகரியம், குழி நிரம்புவதில்லை.

"இந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறியா?"

"வேற ஏதுண்ணே? சமையலும் இதுலதான். உங்க குவார்ட்டர்ஸுக்கும் இந்த மோட்டார்தானே ஏத்துது."

காலனிக்குள்ள இருக்கிற ஆளே வேண்டாம். மேனேஜர் சொன்னது இப்போதுதான் ஃபோர்மேன் காதில் விழுந்தது. ரகசியம் காப்பதற்காகச் சொல்கிறார் என்று அப்போது நினைத்திருந்தார்.

வேப்ப மரத்தடிக்குப் போய் மைத்துனனுக்குப் போன் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"மாமா, நானே கூப்பிடலாம்னு இருந்தேன். குப்பியை மெஷின்ல ஏத்தின அப்புறம்தான் கணக்கைப் பார்த்தேன். அதுக்குள்ள கம்ப்யூட்டர்ல போயிடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"அது கிடக்கட்டும். ஏன் இப்படி வந்தது? இவன் ஷெட்டுக்குள்ளயே போகலையாம்."

"தண்ணியா இருக்கும் மாமா" என்றான் மைத்துனன், யோசிக்காமல்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

மறுமுனையில் யாரோ யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லும் சத்தம் கேட்டது. 

"மாப்ளே, உன்னைத்தான் கேக்கறேன். உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க வீட்டுக்குப் போங்க மாமா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ஃபோர்மேன் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலனிக்கு நடந்தார். பத்து நிமிஷ நடை. வழியில் கேன்டீனைத் தாண்டும்போது கால் தானாகத் தயங்கியது. போன வருஷம் அந்தக் கேன்டீனில்தான் தண்ணீர்க் கூட்டம் நடந்தது. நாற்பது வீட்டுப் பெண்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். தண்ணீரில் நுரை வருகிறது, முடி கொட்டுகிறது, பிள்ளைகள் வகுப்பில் தூங்கி விழுகின்றன என்று. வெளியிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். மேனேஜர் பதற்றமே இல்லாமல் எழுந்து, "கரைசலுக்குப் பக்கத்திலேயே நிக்கிறவங்க நம்ம ஷெட் ஆளுங்க. அவங்களுக்கே ஒண்ணும் இல்லைன்னா தண்ணியில என்ன வந்துடப் போகுது?" என்று சொல்லி, ஃபோர்மேனைப் பார்த்துத் தலையசைத்தார். ஃபோர்மேன் எழுந்தார். சட்டைப்பையிலிருந்த ரிப்போர்ட்டைப் பிரித்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். "இருபத்தோரு வருஷமா உள்ளேதான் இருக்கேன். கல்லீரல் இருபத்தெட்டு, தைராய்டு ரெண்டு. என் வீட்டுலயும் இதே தண்ணிதான். நான் குத்துக்கல்லாட்டம் நிக்கலையா?" என்றார். அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள். பின் வரிசையில் ஒரு பெண் அழுதாள். மனு முடிந்தது. அதற்கப்புறம் வந்த மாதத்தில் மேனேஜர் அவரைப் பேர் சொல்லாமல் 'நம்ம ஆளு' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அன்றைக்குத் தூக்கிக் காட்டியது பசும்பாலின் ரத்தம். அந்தச் சமயத்தில் அது நல்ல ரத்தம்தான். தன் ரத்தம் எப்படி இருக்கிறது என்று இந்த ஏழு வருஷத்தில் அவருக்கே தெரியாது. வலது விலாவுக்குக் கீழே, எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற அந்தக் கனம் இப்போது வெறும் வயிற்றிலேயே வந்தது. நடந்துகொண்டே அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பார்த்துவிட்டு, யாராவது கவனித்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள். டவுனில் யார் இருக்கிறார்கள்? சைக்கிள் கடைக்காரர், அவர் தம்பி, ரேடியோவின் சகலை... என்று மனம் தன்பாட்டுக்கு ஆள் தேட ஆரம்பித்துவிட்டது. பாதி தேடின பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. உறைத்த பிறகும் மனம் நிற்கவில்லை. பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பையன் நல்ல திடகாத்திரமானவன் என்றது.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை மடித்து மடியில் வைத்து, அடுத்த சட்டையை எடுப்பதற்குள் மூச்சு வாங்கி நிறுத்திக்கொண்டாள். தோளில் கம்பளிச் சால்வை. உப்பிய இமை, சிறுத்த கண், மெழுகுக் கன்னம். ஃபோர்மேன் வாசலிலேயே நின்றுவிட்டார். மோட்டார் ரூமில் பிடிபடாமல் போன முகம் இதுதான். மூன்று வருஷமாக இந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். மூன்று வருஷமாக அவளுக்கு 'ஆமை' என்று பெயர் வைத்து, விருந்தாளிகள் எதிரில் கூப்பிட்டுச் சிரிக்கவும் வைத்திருக்கிறார்.

"என்ன, பொழுதோட வந்துட்டீங்க? உடம்பு சரியில்லையா?"

அவர் நேராகச் சமையலறைக்குப் போனார். தண்ணீர்க் குடத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசலில் கவிழ்த்தார். கேத்தலில் இருந்ததையும் கொட்டினார். ஃபில்டரின் குழாயைத் திறந்துவிட்டார். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று பார்த்தாள்.

"என்னங்க பண்றீங்க? நாலு மணி வரைக்கும் குழாய்ல தண்ணி வராது."

"இனிமே இந்தத் தண்ணி வேண்டாம். டவுன்ல இருந்து கேன் தண்ணி எடுத்துட்டு வர்றேன்."

"ஏன்?"

சொன்னார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பச்சைத் திரை, பெரிய ஊசி, ஏழு குப்பி, பசும்பால், அவனுடைய ஸ்வெட்டர், மேனேஜர் சாத்தின கதவு. சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. காலிக் குடத்தின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டே, குடத்துக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். அவள் நடுவில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தம்பியின் பெயர் வந்த இடத்தில்கூட.

"நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் போய் ரத்தம் குடுத்துடுவோம்" என்று முடித்தார். "நிஜ ரத்தம். உன்னோடது, என்னோடது. உன் தம்பி லேப்புல வேண்டாம், வேற இடத்துல."

"உங்க வேலை?"

"திங்கக்கிழமைக்குத்தானே? அதைப் பார்த்துக்கலாம்" என்றார். எந்தப் பக்கம் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்பது அவருக்கே விளங்கவில்லை.

அவள் மெல்லத் திரும்பி நடந்தாள். பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் கையைவிட்டு எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். நான்காக மடித்த ஒரு தாள், கூடவே ஒரு மாத்திரை அட்டை. பாதி மாத்திரை காலி. தாளை அவரிடம் நீட்டினாள். மைத்துனன் வேலை செய்கிற அதே லேப்பின் தாள். அதே கட்டங்கள், அதே அச்சு. எஸ்.ஜி.பி.டி. தொண்ணூற்று ஆறு. தைராய்டு இருபத்திரண்டு. வலது பக்க மூலையில் தேதி. ஃபோர்மேன் தேதியை இரண்டு தடவை படித்தார். போன வருஷத்துத் தேதி. தண்ணீர்க் கூட்டம் நடந்ததற்கு ஒரு வாரம் முந்தையது.

"இத்தனை நாளா கையில வச்சுக்கிட்டு... ஏன் சொல்லலை?" குரல் உயர்ந்துவிட்டது. "அன்னிக்குக் கூட்டத்துல இருந்தே இல்லே? நாப்பது பேர் எதிர்ல இதைக் காட்டியிருக்கலாமே?"

அவள் கொட்டின தண்ணீர் பின்வாசல் மண்ணில் உறிஞ்சப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் ஓரத்தில் நுரை சின்னச் சின்னதாக உடைந்துகொண்டிருந்தது.

"காட்டலாம்னுதான் பையில எடுத்துட்டு வந்து, எந்திரிக்கவும் எந்திரிச்சேன்... அதுக்குள்ள நீங்க எந்திரிச்சிட்டீங்க."